பேட்டியில் மூன்று நிமிடம்



விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. திருமுதுகுன்றம் என்பது அவ்வூரின் பழம்பெயர். இக்காலத்தில் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்திருப்பது பீங்கான். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து கொலுப் பொம்மைகளும், மின்சார வேலைக்குரிய பீங்கான் உறுப்புகளும் வெளியூர்களுக்குச் செல்கின்றன. அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் பயிலகம் ஒன்றும் அங்கே உண்டு. சிறு தொழிலும் சிறு வணிகமும் உழவும் கலந்து நடைபெறும் இத்தகைய ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அவன் மாலையில் சடுகுடு ஆடுகிறான். இலக்கிய மன்றத்தில் பேசிப் பரிசு பெறுகிறான். ஆண்டு விழா நாடகத்தில் வேடம் புனைகிறான். மருத்துவக் கல்லூரியின் வாயிலிலோ பொறியியல் கல்லூரியின் வாயிலிலோ நின்று அவன் இடம் கேட்கும்போது, இந்தப் பரிசுகளுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா?

இன்றைய தமிழ்நாட்டில் பெரும்பாலும் இல்லை என்றே விடை கூறவேண்டும். விளையாட்டில் சிறந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட சில இடங்களை நீக்கிவிட்டால், பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் என்னும் மூன்று பாடங்களின் மதிப்பெண்ணே வழி. மருத்துவத்துக்கு ஓர் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணே வழி. ஆயினும் எக்காலத்தும் இப்படி இருந்ததில்லை. மருத்துவக் கல்லூரித் தேர்வில் 275 மதிப்பெண்ணுக்கு 75 மதிப்பெண், அதாவது நான்கில் ஒரு பங்கினும் மிகுதி, பேட்டிக்கென ஒதுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. மைதானமும் மேடையும் அந்தப் பேட்டிக்குள் அடக்கம். அம்முறை எவ்வாறு வந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்னும் வரலாறே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பாடத்திற்குப் புறம்பான செயல்கள் நம் பள்ளிகளில் வேரூன்றியது ஒரே நாளில் அன்று. உடற்பயிற்சியும் பந்தாட்டமும் ஆங்கிலப் பள்ளிகளின் வழக்கத்தைப் பின்பற்றி வந்தவை. சாரணர் இயக்கம் இங்கிலாந்தில் தோன்றியபின், இந்தியச் சிறுவர்களுக்கென ஓர் இயக்கத்தை அன்னி பெசன்ட் அம்மையார் 1917-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கினார். நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. இவை யாவும் பள்ளியோடு ஒட்டி நின்றனவேயன்றிக் கல்வியின் உள்ளே புகவில்லை. புகுத்தவேண்டும் என்று உரத்துச் சொன்னது 1952-இல் அமைக்கப்பட்டு 1953-இல் அறிக்கை தந்த இடைநிலைக் கல்விக் குழு. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய டாக்டர் இலட்சுமணசாமி முதலியார். அவர் பெரும்புகழ் பெற்ற மகப்பேற்று மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். எத்தகைய மாணவர்கள் மருத்துவம் பயில வருகிறார்கள் என்பதை நேரில் கண்டவர் தலைமையில் அக்குழு அமைந்தது பொருத்தமே. ஆண்டிறுதித் தேர்வு ஒன்றே கல்வி முழுவதையும் ஆட்டிப் படைக்கிறது என்பது அக்குழுவின் பெருங்குறை. விளையாட்டு, மன்றம், சாரணர், சமூகப் பணி ஆகியவை பாடத்தைப் போலவே கல்வியின் உறுப்புகள் என்றும், மாணவனின் வளர்ச்சியை ஆண்டுதோறும் பதிந்துவரும் ஏடு ஒன்று பள்ளியில் இருக்கவேண்டும் என்றும், இறுதி மதிப்பீட்டில் அந்த ஏட்டுக்கும் இடம் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. நல்ல எண்ணத்தில் பிறந்த பரிந்துரை அது. பல ஆண்டுகள் ஒரு மாணவனோடு பழகிய ஆசிரியர் பொறுமையாக எழுதிவரும் ஏடு அது என்பதை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கல்லூரி வாயிலுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணையின்படி பங்கிடப்பட்டு வந்தன. அந்த ஆணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-ஆம் ஆண்டு ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்ட வகுப்பினருக்கு இடம் ஒதுக்க மீண்டும் வழி பிறந்தது. இவ்வரலாற்றைப் பலர் அறிவர். அதற்குப் பின்னர் எழுந்த வேறொரு வினாவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இடங்கள் இத்தனை என்று முடிவு செய்தபின், அப்பிரிவுக்குள் யாரை எடுப்பது? இடமோ சில நூறு, கேட்பவரோ பல்லாயிரவர். எழுத்துத் தேர்வின் மதிப்பெண் மட்டும் போதுமா, ஆளையும் பார்க்கவேண்டுமா?

ஆளையும் பார்க்கவேண்டும் என்றே அக்காலத்து அரசுகள் கருதின. அண்டை மாநிலமான மைசூரில் இருந்த முறை இதற்குத் தெளிவான சான்று. அங்கே விருப்பப் பாடங்களுக்குரிய உச்ச மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டுக்குச் சமமான மதிப்பெண் பேட்டிக்கு வைக்கப்பட்டது. எவற்றைப் பார்த்து அதனை வழங்குவது என்றும் ஒரு பட்டியல் இருந்தது. பொது அறிவு, நாட்டமும் ஆளுமையும், முந்தைய கல்விச் சிறப்பு, தேசிய மாணவர் படை, துணை மாணவர் படை முதலியவற்றில் பங்கு, விளையாட்டு, சமூகத் தொண்டு, சொற்போர், நாடகம் முதலான பாடப்புறச் செயல்கள். இம்முறையை எதிர்த்துத் தொடரப்பட்டது சித்ரலேகா வழக்கு. பேட்டி என்பது தன்னளவில் குற்றமுள்ள முறை அன்று என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 1964 சனவரியில் தீர்ப்பளித்தனர். எந்தக் கருவியும் தவறான கையில் கெடும்; அதனால் கருவியையே எறிந்துவிடலாகாது என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து எனலாம். நீதிபதி முதோல்கர் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

சொற்போருக்கும் நாடகத்துக்கும் மருத்துவக் கல்லூரியில் மதிப்பெண் உண்டு என்று கேட்கும்போது உங்களுள் சிலருக்கு மகிழ்ச்சி பிறக்கக்கூடும். பொறுங்கள்.

நம் மாநிலத்தில் அந்நாளில் வேறொரு கவலையும் இருந்தது. மாநிலம் முழுவதையும் ஒரே களமாக்கினால் சென்னை நகரத்துப் பிள்ளைகளே பெரும்பாலான இடங்களைக் கொண்டுபோவர் என்பது அக்கவலை. ஆகவே மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்து வைத்தார்கள். அவ்விதி நீடித்திருந்தால் விருத்தாசலத்து மாணவன் தென்னார்க்காடு மாவட்டத்துப் பிள்ளைகளோடு மட்டும் போட்டியிட்டால் போதும். ஆனால் அவ்விதியை இராசேந்திரன் வழக்கில் 1968 சனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் மிகுந்த தகுதி உடையவன் தள்ளப்பட, மற்றொரு மாவட்டத்தில் குறைந்த தகுதி உடையவன் சேர்க்கப்படுவது சமத்துவத்துக்கு மாறு என்பது காரணம். நீதியின் கண்ணில் அது சரியே. ஆயினும் சிற்றூர்ப் பிள்ளைக்கு இருந்த ஒரு வேலி அன்று நீங்கிற்று என்பதையும் வரலாறு எழுதுவோர் குறித்தாக வேண்டும்.

மாவட்ட முறை போனபின் 1970-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு அலகு முறை வந்தது. சென்னை நகரக் கல்லூரிகள் யாவும் சேர்ந்து ஓர் அலகு. வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனித் தேர்வுக் குழு. பள்ளியிறுதி வகுப்பை முடித்து, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் பயின்றவன் விண்ணப்பிப்பான், பேட்டிக்கு அழைக்கப்படுவான். பேட்டியில் பார்க்கப்படவேண்டியவை ஐந்து. முதலாவது விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை. இரண்டாவது பாடப்புறச் சிறப்புத் தொண்டுகள். பின்னர் உடல்நிலையும் தாங்கும் வலிமையும், பொதுத் திறமை, நாட்டம். இவ்வைந்துக்கும் சேர்த்து 75 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 200.

இக்கணக்கின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒருத்தி எழுத்துத் தேர்வில் 200-க்கு 180 பெற்றிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேட்டியில் அவளுக்கு 25 மட்டும் கிடைத்தால் மொத்தம் 205. மற்றொருவன் தேர்வில் 150-தான் பெற்றான். பேட்டியில் 60 பெறுகிறான். அவனுக்கு மொத்தம் 210. படிப்பினால் வந்த முப்பது மதிப்பெண் இடைவெளியை, பேட்டி அறைக்குள் நுழைந்து திரும்பும் நேரத்தில் ஒருவன் கடந்துவிடலாம். அந்த நேரம் எவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள்.

ஏறக்குறைய மூன்று நிமிடம்.

பெரியகருப்பன் வழக்கு என்று சட்ட நூல்களில் வழங்கும் வழக்கில் இச்செய்தி வெளிவந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடத்திற்குமேல் பேட்டி நடக்கவில்லை என்பதை அரசுத் தரப்பும் மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1970 செப்டம்பரில் தீர்ப்பு வழங்கிற்று. 275-இல் 75 என்பது பார்த்த அளவிலேயே மிகை என்றும், மூன்று நிமிடத்தில் ஒரு மாணவனின் திறனை அளக்க இயலாது என்றும், முதற் பார்வையில் தோன்றும் எண்ணம் எப்போதும் சரியான எண்ணமாக இராது என்றும் நீதிபதிகள் கூறினர். அதனினும் நமக்கு முதன்மையான குறை ஒன்றையும் அவர்கள் சுட்டினார்கள். ஐந்து தலைப்புகள் இருந்தனவே, ஒவ்வொன்றுக்கும் தனியே மதிப்பெண் போடப்பட்டதா? இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஓர் எண் இடப்பட்டது. அது சட்டத்துக்கு மாறு என்றது நீதிமன்றம். அலகு முறையும் செல்லாது என்றாயிற்று.

மொத்தமாக ஓர் எண் என்பதன் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவன் நான்காண்டு காலம் வெயிலில் நின்று மாணவர் படையில் பயிற்சி பெற்றிருக்கிறான். ஒருத்தி ஊர் மக்களுக்குத் தொண்டு செய்து சான்றிதழ் வைத்திருக்கிறாள். அவற்றுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது, நன்றாக உடுத்தி நல்ல ஆங்கிலத்தில் விடை சொன்னவனுக்கு எத்தனை கிடைத்தது என்பது யாருக்கும் தெரியாது. பாடப்புறச் செயலுக்கு மதிப்பு உண்டு என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த மதிப்பு எங்கே போயிற்று என்று கேட்டால் தாளில் விடை இல்லை.

பீங்கான் தொழில் அறிந்தவர்கள் சூளையிலிருந்து வந்த கலத்தைக் கையில் ஏந்தி விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். கணீரென்ற ஓசை எழுந்தால் நல்ல கலம். மந்தமான ஓசை எழுந்தால் எங்கோ விரிசல். ஒரு நொடியில் முடியும் சோதனை அது. பெரும்பாலும் பொய்க்காத சோதனை. அது பொய்க்காமைக்குக் காரணம், எல்லாக் கலமும் ஒரே மண்ணால், ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, ஒரே சூளையில் வெந்தவை. மனிதப் பிள்ளைகள் அப்படி வருவதில்லை. சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன் பேட்டி அறையில் கணீரென்று ஒலிப்பான். அறிமுகமில்லாத பெரியோர்முன் அமர்ந்து பேசியே பழகாத சிற்றூர்ப் பிள்ளையின் குரல் தொண்டையில் சிக்கும். சிக்கிய குரலைக் கேட்டு விரிசல் என்று ஒதுக்கினால் குற்றம் கலத்தில் அன்று, தட்டிய விரலில்.

சான்றிதழ்களின் நிலையும் இதுவே. பட்டியலில் எழுதப்பட்ட செயல்கள் எல்லாப் பள்ளிகளிலும் சமமாகக் கிடைத்தனவா? மாணவர் படைப் பிரிவு எல்லாப் பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. ஆட்டக்களம், பயிற்சி ஆசிரியர், வெளியூர்ப் போட்டிக்குச் செல்ல வண்டிச் செலவு ஆகியன இருந்தால்தான் விளையாட்டுச் சான்றிதழ் பிறக்கும். வயலிலோ தொழிற்கூடத்திலோ மாலையில் பெற்றோருக்குத் துணை நிற்கும் பிள்ளை செய்வதும் பாடத்துக்குப் புறம்பான செயலே. அதற்குச் சான்றிதழ் தருவார் இல்லை.

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று கருதவேண்டா. அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு சேர்த்தபோது யூத மாணவர்களின் தொகை பெருகிற்று. அதன் தலைவர் லோவல் 1922-இல் அவர்களுக்கு நேரடியாக ஒரு வரம்பு கட்ட முயன்று பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். பின்னர் 1926-இல் அங்கே சேர்க்கை முறை மாற்றப்பட்டது. குணம், ஆளுமை முதலியவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. வரம்பு என்ற சொல்லே இல்லாமல் யூதர் தொகை குறைந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின், ஆசிய மரபினரான மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பீட்டில் சராசரியாகக் குறைந்த மதிப்பே கிடைத்துவந்தது என்பது அதே பல்கலைக்கழகத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் பேசப்பட்டது; 2023 சூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடத்தைத் தாண்டி ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்லும் இடத்தில், பார்ப்பவர் யார் என்ற வினாவும் கூடவே எழுகிறது.

மறுபடி நம் நாட்டுக்கு வருவோம். பேட்டி பற்றிய வழக்கு காசுமீரத்திலும் எழுந்தது. சீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, வாய்மொழித் தேர்வுக்கு 50 என்று இருந்தது. அந்த ஐம்பதில் பாடப்புறச் செயல்களுக்கெனத் தனியே 10 மதிப்பெண். தலைப்புவாரியாகப் பிரித்தது முன்னேற்றமே. ஆயினும் பேட்டி நடந்த நேரம் அங்கும் இரண்டு மூன்று நிமிடந்தான்; கேட்கப்பட்ட வினாக்களும் ஊர், பெற்றோர் பற்றியனவாகவே இருந்தன என்பது வழக்கிட்டோர் முறையீடு. அசய் ஹாசியா வழக்கு எனப்படும் இதில் 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் அது தன்னிச்சையான முறையாகும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

அதன்பின் காற்று முழுவதும் எழுத்துத் தேர்வின் பக்கமே வீசிற்று. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்கே அது நன்மை செய்கிறது என்ற முறையீடு வலுத்து, 2006-இல் சட்டமன்றம் இயற்றி 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீங்கியது. மருத்துவத்துக்கு மட்டும் 2017 முதல் அகில இந்தியத் தேர்வாகிய நீட் வந்தது. அரசுப் பள்ளி மாணவர் அதில் பின்தங்குவது கண்டு 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்யப்பட்டது. சென்னையா சிற்றூரா என்று 1960-களில் எழுந்த அதே கவலைதான் வேறு உருவில் இங்கும் நிற்கிறது.

பேட்டி போனதால் சிற்றூர்ப் பிள்ளைக்கு நன்மையே விளைந்தது என்பது என் துணிபு. யாருடைய முகத்தையும் பாராத எண், முகம் பார்த்துப் போடும் எண்ணைவிட ஏழைக்கு உற்ற துணை. ஆனால் அந்த நன்மைக்கு ஒரு விலையும் கொடுத்தோம். மதிப்பெண் இல்லாத செயலுக்குப் பள்ளியில் நேரமும் இல்லை என்றாயிற்று. மேல்நிலை வகுப்புகளில் உடற்பயிற்சி நேரத்தைக் கணித ஆசிரியர் கடன் வாங்குவதும், வாங்கிய கடனைத் திருப்பாததும் நீங்கள் அறியாதது அன்று. முதலியார் குழு 1953-இல் எந்த நோயைச் சொன்னதோ அந்நோய் மும்மடங்காகி நிற்கிறது. அக்குழு கேட்டது ஆசிரியர் ஆண்டுதோறும் எழுதும் ஏட்டை. நாம் கொடுத்தது மூன்று நிமிடப் பேட்டியை. அது தோற்றபோது ஏட்டையும் சேர்த்தே மறந்துவிட்டோம்.

பொறுமையாக ஆளைப் பார்த்துச் சேர்த்த இடம் நம் மாநிலத்தில் ஒன்றாவது இருந்ததா என்றால், இருந்தது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி எழுத்துத் தேர்வில் தேறியவர்களைத் தன் வளாகத்துக்கு அழைத்துச் சில நாள் தங்கவைத்து, குழுவாகச் சேர்ந்து செய்யும் வேலைகளைக் கொடுத்து, பலர் பலமுறை நோக்கி முடிவு செய்தது. வசதி குறைந்த மருத்துவமனைகளில் பணியாற்ற மனமுடையவர் யார் என்பதே அவர்கள் தேடிய தகுதி. வேண்டியது இன்னதென்ற தெளிவும் அதனைத் தேடுதற்குரிய நேரமும் அங்கே இருந்தன. இவ்விரண்டும் பல்லாயிரவரை வரிசையில் நிறுத்திய அரசுக் குழுக்களுக்கு வாய்க்கவில்லை. நீட் தேர்வு வந்தபோது அக்கல்லூரி தன் முறையைக் காக்க வழக்காடிற்று. 2017-இல் நூறு இடங்களுள் ஒன்றை மட்டும் நிரப்பி மற்றவற்றை வெறுமையாக விட்டது. 2020 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் நீட் எல்லார்க்கும் பொது என்று தீர்த்துவிட்டது.

இன்று உங்களுள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கோ, நம் நாட்டிலேயே புதிதாகத் தோன்றியுள்ள சில தனியார் பல்கலைக்கழகங்களுக்கோ விண்ணப்பிப்போர், பள்ளியில் பாடம் தவிர என்ன செய்தாய் என்ற வினாவை மீண்டும் சந்திக்கிறீர்கள். அங்கே கட்டுரை கேட்கிறார்கள், பேட்டியும் காண்கிறார்கள். நகரங்களில் இதற்கெனப் பணம் பெற்றுக்கொண்டு வழிகாட்டுவோரும் தோன்றிவிட்டனர். விருத்தாசலத்திலோ, பயிலகத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்க விரும்பும் மாணவனுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே வாயில். பொம்மை வார்க்கும் வீட்டில் பிறந்து, சிறுவயது முதல் மண்ணின் பதம் அறிந்த கையோடு ஒருவன் அங்கே வந்து நிற்கலாம். அந்தக் கையைக் குறித்துக்கொள்ள விண்ணப்பத் தாளில் ஒரு கட்டமும் இல்லை.